பல்லைக் காட்ட வந்தவரின் வாயையும் பாருங்கள்

சென்னை ராகாஸ் பல் மருத்துவக் கல்லூரிக்கு மூன்று மாத காலத்தில் வந்த 2,017 நோயாளர்களின் வாயைப் பரிசோதித்து, 2006இல் ஓர் ஆய்வு வெளியானது. பல்லையும் முரசையும் விட்டுவிட்டு, வாயின் உட்தோலில் மட்டும் ஏதேனும் மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது 4.1 சதவீதமானோருக்கு. இரண்டு வருடம் கழித்துக் கர்நாடகத்தின் மணிப்பாலிலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. அங்கே பார்த்தது 1,190 பேரை. அவர்களும் பல்லுக்கு மருந்து செய்ய வந்த சாதாரண சனங்கள்தான். அவர்களில் 41.2 சதவீதமானோரின் வாயில் ஏதோ ஒன்று இருந்தது. நாலு எங்கே, நாற்பத்தொன்று எங்கே! சென்னைக்காரரின் வாயைவிட மணிப்பால்காரரின் வாய் பத்து மடங்கு கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. இரண்டு ஆய்விலும் பிழை கிடையாது. எதை எண்ணினார்கள் என்பதில்தான் வித்தியாசம். மணிப்பாலில் உதட்டின் உட்புறத்திலும் கன்னத்திலும் தெரியும் சிறு மஞ்சள் புள்ளிகளைக்கூட எழுதிக்கொண்டார்கள். அது மட்டும் 6.55 சதவீதம். பல் உரசி வெள்ளையாகத் தடித்த இடம் 5.79 சதவீதம். வெடிப்பு விழுந்த நாக்கு 5.71 சதவீதம். இவற்றில் எதுவும் ஆளைக் கொல்லாது. பலருக்கு அப்படியொன்று தம் வாயில் இருப்பதே தெரியாமல் ஆயுள் முடிந்துவிடும். சென்னையில் புகை, மது, மெல்லும் பழக்கம் ஆகியவற்றோடு சேர்ந்து வரும் மாற்றங்களையே முதன்மையாகத் தேடினார்கள். ஆகவே எண்ணிக்கை சுருங்கியது. அமெரிக்காவில் நாடு தழுவிய பெரிய ஆய்வொன்றில் 17,235 பேரின் வாயைப் பார்த்தபோது 27.9 சதவீதமானோரிடம் மாற்றங்கள் தெரிந்தன. அங்கே முன்னுக்கு நின்ற காரணங்களில் ஒன்று கட்டுப்பல். ஒரு சமூகம் வாய்க்குள் எதைப் போடுகிறதோ, அதையே அதன் வாய்ப்புண் கணக்கும் பேசும்.

இலங்கையின் கிழக்கே, மருதமுனை முதல் நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் வரை நீளும் இந்தக் கரையிலே, நாம் வாய்க்குள் எதைப் போடுகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டு வராவிட்டால் அது மரியாதைக் குறைவு. மூத்தம்மாவின் மடிக்குள் சுருக்குப் பை. வட்டைக்குப் போகிறவர் சோற்றுப் பெட்டியை மறந்தாலும் வெற்றிலையை மறக்க மாட்டார். இரவு முழுக்கக் கடலில் நிற்கிறவருக்கு நித்திரையை விரட்டும் துணை அது. தறியில் குந்தியிருக்கும் கைகளுக்கு இடையிடையே ஓர் ஓய்வு. ஏறக்குறைய ஏழு நூற்றாண்டுக்கு முன் இந்தப் பக்கம் வந்த பயணி இப்னு பதூதாவே வெற்றிலை கொடுப்பது எவ்வளவு பெரிய கௌரவம் என்று எழுதி வைத்திருக்கிறார். இந்தப் பழக்கத்தை இழிவாகப் பேசுவது என் நோக்கமில்லை. இதோடு வளர்ந்தவன் நான். ஆனால் இந்தக் கரையில் பல் வைத்தியம் செய்கிறவன் என்ற முறையில், கதிரையில் சாய்ந்து வாயைத் திறக்கும் ஒவ்வொருவரின் கன்னத்துக்குள்ளும் அந்தக் கௌரவத்தின் விலையை நான் பார்க்கிறேன்.

ஒருவர் வருகிறார். முப்பது வயது தாண்டியிருக்காது, ஆட்டோ ஓட்டுகிறவர். “டொக்டர், கடவாய்ப் பல்லு குத்துது, புடுங்கி உடுங்க” என்கிறார். வாயைத் திறக்கச் சொன்னால் பாதிதான் திறக்கிறது. “இன்னும் திறங்க தம்பி.” “இதுக்கு மேல ஏலாது டொக்டர்.” அவரவர் விரல் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையில் நுழைக்க முடிய வேண்டும். அதுதான் சாதாரண வாயின் அளவு. இவருக்கு இரண்டு விரலே தட்டுத்தடுமாறித்தான் போகிறது. கன்னத்தின் உட்புறம் சிவப்பாக, ஈரமாக, இழுத்தால் நெகிழ்கிறதாக இருக்க வேண்டியது. வெளிறி, சலவைக்கல் போலக் கிடக்கிறது. விரலால் தடவினால் தோலுக்கு அடியில் நார்க் கயிறுகள் மேலிருந்து கீழாக ஓடுவது தட்டுப்படுகிறது. உறைப்புச் சாப்பிட முடிகிறதா என்று கேட்டால், “அதெல்லாம் விட்டுக் கனகாலம், எரியும்” என்கிறார். பாக்கும் புகையிலையும் கலந்த மாவாவா, வெற்றிலையா என்று கேட்டால் முதலில் சிரிப்பு, பிறகு மௌனம்.

அவர் வந்தது பல்லுக்கு. நோய் வேறு. வாய் இறுகும் இந்த நோயை 1952இல் ஷ்வார்ட்ஸ் என்ற வைத்தியர் முதன்முதலாக வர்ணித்தார். அது கென்யாவில் குடியேறி வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாயில் கண்டது. அடுத்த வருடமே பம்பாயில் ஜோஷி இதே நிலையைப் பதிவு செய்தார். கடல் கடந்து போனாலும் பாக்கும் கூடவே போயிருக்கிறது, பாக்கோடு நோயும் போயிருக்கிறது. பாக்கிலுள்ள அரெக்கோலின் என்ற பொருள், நார்த்திசுவைக் கட்டும் உயிரணுக்களை ஓயாமல் தூண்டுகிறது. பாக்கின் துவர்ப்பு அந்த நாரைக் கரையவிடாமல் இறுக்குகிறது. பாக்கில் இருக்கும் செம்பு அந்த இறுக்கத்துக்கு இன்னும் உதவுகிறது. சுண்ணாம்பு காரத்தைக் கூட்டித் தோலை அரிக்கிறது. கன்னம், அண்ணம், தொண்டை வாசல் என்று எல்லாம் ஒன்றொன்றாக விறைத்துப் போகின்றன. நாக்கை வெளியே நீட்ட முடியாது, விசிலடிக்க முடியாது, கடைசியில் சோற்றுக் கவளத்துக்கே வாய் வழிவிடாது. விட்டுவிட்டால் மேலும் இறுகுவது நிற்கலாம். ஆரம்பத்திலேயே விட்டால் பயிற்சியாலும் மருந்தாலும் ஓரளவு தேறலாம். இறுகிப் போன நாரைப் பழையபடி ஆக்கும் மருந்து எங்கும் இல்லை.

இந்த நோய் உள்ளவர்களைக் கேரளத்தின் எர்ணாகுளத்தில் 17 வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் 7.6 சதவீதமானோருக்கு அது புற்றுநோயாக மாறியது. இந்தக் கணக்கு 1985இல் வெளிவந்தது. அப்போது நம் ஊரில் மாவா என்ற சொல்லே கேள்விப்பட்டிருக்க மாட்டோம். இன்று பாடசாலை விட்டு வரும் பிள்ளையின் சட்டைப் பையில் அது இருக்கிறது. பொலிஸார் பிடித்த செய்தி பத்திரிகையில் வராத மாதமில்லை. மூத்தம்மா அறுபது வயதில் பட்டதைப் பேரன் இருபத்தைந்தில் படுகிறான்.

இங்கே ஒரு நம்பிக்கையை நேரடியாகவே உடைக்க வேண்டியிருக்கிறது. “போயிலை போடாட்டி ஒண்டும் செய்யாது, வெறும் வெத்திலையும் பாக்கும்தானே” என்று படித்தவர்களும் சொல்லக் கேட்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம், புகையிலை சேர்ந்த வெற்றிலையை 1985இலேயே புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. 2004இல் வெளியிட்ட தொகுதியில் புகையிலை சேராத வெற்றிலையையும், தனிப் பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகுப்பில் சேர்த்தது. தாய்வானில் வெற்றிலை போடுகிறவர்கள் புகையிலை சேர்ப்பதில்லை. ஆனாலும் அங்கே ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் மிக அதிகம். போயிலை குற்றவாளிதான், சந்தேகமே இல்லை. அதை விலக்கிவிட்டு பாக்கை நிரபராதியாக்க முடியாது.

நம் நாட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய். 2022இல் உலகம் முழுவதும் சுமார் 389,800 பேருக்கு வாய்ப் புற்றுநோய் கண்டது; அதில் சுமார் 120,000 பேருக்கு அது மெல்லும் புகையிலையாலும் பாக்காலும் வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இலங்கையின் பங்கு ஏறக்குறைய 1,300. பழக்கம் இல்லாமலிருந்தால் வராமலிருந்திருக்கக் கூடிய 1,300 பேர், ஒரே வருடத்தில்.

இனி, பல் கிளினிக்கில் காணும் மற்ற மாற்றங்களைப் பற்றி. அதிகம் காண்பது எது என்று கேட்டால், பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளுக்கு வரும் சிறு வெள்ளைப் புண். சாப்பிட விடாது, அழ வைக்கும், பத்து நாளில் தானாக ஆறிவிடும். உடைந்த பல்லின் கூர் நாக்கைக் கீறிய காயம். கட்டுப்பல்லைக் கழற்றாமலே தூங்குகிறவர்களின் அண்ணத்தில் சிவப்பு. சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கும், இழுப்புக்கு பம்ப் அடித்துவிட்டு வாய் கொப்பளிக்காதவருக்கும் வெள்ளையாகப் படியும் பூஞ்சணம். இரத்தம் குறைந்த பெண்களின் வழுவழுப்பான, எரியும் நாக்கு. வெற்றிலைக் கறை பிடித்துத் தோலே உரிந்தாற்போன்ற கன்னம். வரைபடம் போல இடம் மாறிக்கொண்டேயிருக்கும் நாக்குத் திட்டு. இதைப் பார்த்துப் பயந்து ஓடிவருகிறவர்கள் உண்டு, பயப்பட ஒன்றுமேயில்லை.

பயம் பிழையான இடத்தில் இருக்கிறது என்பதுதான் என் கவலை. நோகிற புண் ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறது. நோகாத வெள்ளைத் திட்டு வீட்டிலேயே இருக்கிறது. சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படலம், அதாவது லியூகோபிளேக்கியா, வலிக்காது. வெல்வெட் போலச் சிவந்த திட்டு வலிக்காது; அது வெள்ளையைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. புற்றுநோயே ஆரம்பத்தில் வலிப்பதில்லை. வலி வரும்போது அது எலும்பையோ நரம்பையோ தொட்டிருக்கும், கழுத்தில் கழலை கட்டியிருக்கும். வெற்றிலையை அதக்கி வைக்கும் அதே கன்னத்தில், அதே இடத்தில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறது. எந்தப் பக்கம் அதக்குவீர்கள் என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

ஒருமுறை வயதான உம்மா ஒருவருக்கு ஆடிய பல்லை எடுத்துவிட்டு, கன்னத்தைக் கண்ணாடியால் ஒதுக்கிப் பார்த்தேன். ஒரு சதக் காசளவு வெள்ளைத் திட்டு, நடுவில் சிவப்பு. “இது எப்ப இருந்து உம்மா?” என்றேன். “அது கனகாலமா இரிக்கி மனெ. நோகல்ல, ஒண்டும் செய்யல்ல” என்றார். சதைத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றதும் பக்கத்தில் நின்ற மகள் பதறிப்போனார். “கத்தி வச்சாப் பரவிடுமாமே டொக்டர்.” இந்த ஒரு வசனம் இந்தக் கரையில் எத்தனை பேரைத் தாமதிக்க வைத்திருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. சிறு துண்டு எடுப்பதால் புற்றுநோய் பரவுவதில்லை. எடுக்காமல் விடுவதால்தான் அது பரவ அவகாசம் கிடைக்கிறது. மரத்துப்போக ஊசி போட்டுச் சில நிமிடத்தில் முடிகிற வேலை. பேராதனைப் பல் மருத்துவ பீடத்தின் வாய் நோயியல் துறைக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் இப்படித் துண்டுகள் போய்க்கொண்டிருக்கின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் பார்க்காமல் கண்ணால் மட்டும் பார்த்து இது நல்லது, இது கெட்டது என்று சொல்லிவிட எந்த வைத்தியராலும் முடியாது.

திரும்பவும் எண்ணிக்கைக்கு வருகிறேன். மணிப்பாலில் வாய் இறுகும் நோய் 2.01 சதவீதம், புற்றுநோய் 1.76, லியூகோபிளேக்கியா 1.59. சென்னையில் லியூகோபிளேக்கியா 0.59, வாய் இறுகும் நோய் 0.55. பல் மருத்துவக் கல்லூரிக்குப் பிற இடங்களிலிருந்தும் சந்தேகக் கேஸ்களை அனுப்பிவைப்பார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஊர்ச் சனத்தொகையில் புற்றுநோய் இந்த வீதத்தில் இருக்காது. அப்படியானால் ஊருக்குள் போய்ப் பார்த்தால் என்ன கிடைக்கும்? சப்ரகமுவ மாகாணத்துக் கிராமங்களில் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களைத் தேடிப் போய்ப் பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது. 2010இல் வெளியான அந்த ஆய்வில், புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றங்கள் 11.3 சதவீதமானோரிடம் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். நூற்றுக்குப் பதினொருவர். இவர்கள் ஆஸ்பத்திரிக் கதிரையில் உட்கார்ந்தவர்களல்லர், வீட்டிலும் வயலிலும் இருந்தவர்கள். அதே கிராமங்களில் வாய்ப் புற்றுநோய் என்று ஒன்று இருப்பது பெரும்பாலோருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு முன் ஒரு கட்டம் இருக்கிறது, அந்தக் கட்டத்திலேயே பிடிக்கலாம் என்பது நாலில் ஒருவருக்குக்கூடத் தெரிந்திருக்கவில்லை.

இந்த ஆய்வுகளை ஒன்றோடொன்று நேராக நிறுத்தி ஒப்பிட முடியாது. வயது வேறு, முறை வேறு. ஆனாலும் ஒரு விடயம் அப்பட்டமாகத் தெரிகிறது. பல் கிளினிக்கில் எண்ணினால் கிடைப்பது, பல் வலித்து, இலக்கத் துண்டு எடுத்து, காத்திருக்கப் பொறுமையும் நேரமும் இருந்தவர்களின் கணக்கு மட்டும். பல்லெல்லாம் விழுந்துபோன மூத்தம்மா பல் கிளினிக்குக்கு ஏன் வரப்போகிறார்? அவரிடம் வலிக்கப் பல்லே இல்லை. நாற்பது வருடமாக வெற்றிலை போட்ட வாய் அவருடையது. ஆழ்கடலுக்குப் போகிறவர் கரைக்கு வரும் நேரம் கிளினிக் பூட்டியிருக்கும். அறுவடைக் காலத்தில் வட்டையிலேயே கிடக்கும் கூலிக்காரர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வர மாட்டார். ஆண் வைத்தியர் முன்னால் முகத்தைத் திறந்து வாயைக் காட்டக் கூச்சப்படும் பெண்களும் இருக்கிறார்கள். அந்தக் கூச்சத்தைக் குறை சொல்லாமல் அதற்கேற்ப ஏற்பாடு செய்வதே நம் கடமை. ஆபத்து அதிகமுள்ள வாய்கள்தான் நம் கணக்கில் குறைவாக வருகின்றன.

இதற்கு வழி வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. உலகத்துக்கே வழிகாட்டியது இந்த நாடு. 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வு அது; பின்னாளில் லண்டனில் பேராசிரியராக உலகப் புகழ்பெற்ற சமன் வர்ணகுலசூரிய நம் நாட்டிலிருந்து செய்த வேலை. மத்திய இலங்கையில் 34 ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்கு வாயைப் பார்க்கப் பழக்கினார்கள். ஒரு வருடத்தில் அவர்கள் 28,295 பேரின் வாயைப் பார்த்தார்கள். சந்தேகத்துக்குரிய 1,220 பேரைப் பிடித்து வைத்தியர்களிடம் அனுப்பினார்கள். வந்தவர்களைப் பரிசோதித்த நிபுணர்கள், பணியாளர்கள் கண்டது பெரும்பாலும் சரி என்றார்கள். பட்டம் பெறாத கண்ணும் பழக்கினால் பார்க்கும் என்பது அன்றைக்கே நிரூபணமாகிவிட்டது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது. அனுப்பப்பட்ட 1,220 பேரில் வைத்தியரிடம் வந்து சேர்ந்தவர்கள் பாதிக்குச் சற்று மேல். மற்றவர்கள் வரவில்லை. கண்டுபிடித்தும் வரவில்லை. நோயைக் கண்டுபிடிப்பது பாதி வேலை, ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மறுபாதி. அந்த மறுபாதியை நாற்பது வருடமாகியும் நாம் பொறுப்பெடுக்கவில்லை என்பது என் மனக்குறை.

வாயைப் பார்ப்பதால் உயிர் தப்புமா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. 1996இல் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கிய பெரிய ஆய்வில், ஊர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியில் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். 2005இல் லான்செட் சஞ்சிகையில் முடிவு வந்தது: புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. அந்த வீடுகளுக்குப் போனவர்கள் பெரும் நிபுணர்களல்லர், பயிற்சி பெற்ற பட்டதாரிகள். கையில் ஒரு வெளிச்சமும் பழகிய கண்ணும் மட்டும். தாய்வான் 2004 முதல் வெற்றிலை, சிகரெட் பழக்கமுள்ள இருபத்து மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பார்த்து, மரணத்தை 26 சதவீதம் குறைத்தது.

நம் பிராந்தியத்தில் என்ன குறை? கல்முனைக்கென்று தனியாகப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகம் இருக்கிறது. அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை இருக்கிறது, ஒவ்வொரு பற்றிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை இருக்கிறது. குடும்ப நல உத்தியோகத்தர் ஒவ்வொரு வீட்டு வாசற்படியும் தெரிந்தவர். எந்த வீட்டில் யார் வெற்றிலை போடுகிறார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். முப்பத்தைந்து வயது தாண்டியோருக்குச் சீனியும் பிரஷரும் பார்க்க ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் 2011 முதல் நாடெங்கும் இயங்குகின்றன. அங்கே விரல் குத்தி இரத்தம் எடுக்கும் அதே மேசையில் வாயையும் ஒரு நிமிடம் கட்டாயமாகப் பார்க்கலாம். சமைத்துச் சாப்பாடு கொடுத்துவிட்டு நேரம் கிடைக்கும்போது பெண்களுக்கென்று நடக்கும் நல்வாழ்வு கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கும் அப்படியே. அங்கே பார்க்கிறவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருப்பதால் கூச்சமும் குறைவு.

பல் கிளினிக்கில் நேரமில்லை என்று சக வைத்தியர்கள் சொல்வார்கள். எனக்கும் தெரியும், காலையில் கதவைத் திறக்கும்போதே வாங்கு நிறைந்திருக்கும். ஆனால் முறையாகப் பழகிய கைக்கு இரண்டு நிமிடம் போதும். உதட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும், இரண்டு கன்னத்தையும் கண்ணாடியால் ஒதுக்க வேண்டும், ஞானப் பல்லுக்குப் பின்னாலுள்ள மூலையைப் பார்க்க வேண்டும், நாக்கைக் காஸ் துணியால் பிடித்து இரு பக்கமும் இழுக்க வேண்டும், நாக்கின் அடியைப் பார்க்க வேண்டும், கழுத்தைத் தடவ வேண்டும். மருந்து ஊசி போட்டுவிட்டு மரத்துப்போகக் காத்திருக்கும் அந்த நேரமே இதற்குக் காணும். பார்த்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும்: என்ன பழக்கம், எத்தனை வருடம், எந்த இடத்தில் என்ன. ஆபத்தில்லாததை ஆபத்தானதோடு சேர்த்து எண்ணி நாற்பது சதவீதம் என்று ஊரைப் பயமுறுத்தவும் கூடாது, தேடாமலே நாலு என்று ஆறுதல்படவும் கூடாது. இரண்டையும் பிரித்து எழுதி, வருடம் முடிந்ததும் கல்முனைப் பிராந்தியத்துக் கணக்கைப் பத்திரிகையில் வெளியிட வேண்டும். தன் ஊரின் எண்ணைப் பார்த்தால்தான் சனம் நம்பும்.

சட்டம் ஒருபுறம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், புகையிலை கலந்த மெல்லும் பொருட்களைக் கொண்டுவருவதும் செய்வதும் விற்பதும் 2016இல் தடை செய்யப்பட்டன. தடை வந்து வருடங்கள் போய்விட்டன. மாவா மட்டும் போகவில்லை. அகப்படுகிறவர்கள் சிறு வியாபாரிகளும் பொடியன்களும். பிடிபடும் பொடியனின் வாயை யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்கு மிகப் பெரிய குறையாகப் படுகிறது. தண்டம் கட்டியதும் வீட்டுக்கு அனுப்பாமல், ஒரு பல் வைத்தியரிடமும் அனுப்பினால் என்ன? இரண்டு விரல்தான் நுழைகிறது என்று தன் விரலாலேயே அவன் அளந்து பார்க்கட்டும்.

பள்ளிவாசல்களிடம் ஒரு வேண்டுகோள். பல் துலக்கும் மிஸ்வாக்கைப் பற்றி நம் உலமாக்கள் சொல்லாத குத்பா இல்லை. வாய்ச் சுத்தத்தை வணக்கத்தோடு சேர்த்துச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தொழுகைக்கு முன் வுழூவில் நாளுக்கு ஐந்து வேளை வாய் கொப்பளிக்கிறோம். வுழூ எடுக்கும் இடத்தில் ஒரு நல்ல கண்ணாடியும் ஒரு விளக்கும் வைத்தால், கன்னத்தை ஒதுக்கிப் பார்க்க யாருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு வாரம் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெள்ளை, சிவந்த திட்டு, மூன்று விரல் நுழையாத வாய்: இந்த நாலையும் படத்தோடு ஒட்டிவிட்டால் போதும். றமழானில் பகல் முழுக்க வெற்றிலை வாயில் படாமல் இருக்க முடிகிறவர்களுக்கு, நோன்பு திறந்த பிறகும் விட முடியும் என்று சொல்லும் தகுதி மௌலவிமாருக்கு இருக்கிறது. எங்களைவிட அவர்கள் சொன்னால் கேட்பார்கள். நோன்பு மாதம் முழுக்க மாலை வேளைகளில் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் அட்டாளைச்சேனையிலும் பள்ளி முற்றத்தில் ஒரு மேசை போட்டு வாய் பார்க்க நாங்களும் வரத் தயார்.

எல்லாம் செய்து ஒருவரைக் கண்டுபிடித்த பின், அவரைத் தனியே அனுப்பக் கூடாது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவு கல்முனையிலிருந்து நாற்பது கிலோமீற்றர் அளவில்தான். மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கென்றால் இரவு பஸ். வயதானவருக்குக் கூடப் போக ஆளும் காசும் வேண்டும், அங்கே பேசுவதை விளங்கிச் சொல்ல ஒருவர் வேண்டும். ஸகாத் நிதியங்களும் நலன்புரிச் சங்கங்களும் இருதயச் சத்திர சிகிச்சைக்குக் காசு சேர்ப்பதைப் பார்த்திருக்கிறோம். அதில் சிறு பகுதியை, சதைத் துண்டு எடுக்கச் சொன்ன உம்மாவுக்கும் மகளுக்கும் போய்வரும் பஸ் காசாக ஒதுக்கலாம். குடும்ப நல உத்தியோகத்தர் தன் கொப்பியில் அந்தப் பெயரைக் குறித்து வைத்து, போனாரா, முடிவு வந்ததா என்று அடுத்த மாதம் அந்த வாசற்படியில் நின்று கேட்கலாம்.